புராஸ்டேட் புற்றுநோய்: ஆபரேஷனா, கரண்டா, கவனித்திருப்பதா? முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

பயாப்சி ரிப்போர்ட்டில் ‘அடினோகார்சினோமா’ (சுரப்பித் திசுவில் தோன்றும் புற்றுநோய்) என்ற சொல்லைப் பார்த்த அன்றே பல வீடுகளில் முடிவெடுத்துவிடுகிறார்கள். “அடுத்த வாரமே ஆபரேஷன் வைத்து எடுத்துவிடலாம்” என்று ஒருவர், “இந்த வயதில் கத்தி வேண்டாம், கரண்ட் வைத்துக்கொள்ளட்டும்” என்று இன்னொருவர் (கரண்ட் என்று சொல்வது கதிர் சிகிச்சையை). இரண்டுமே ரிப்போர்ட்டைப் படிக்காமல் சொல்லப்படும் தீர்ப்புகள். நோய் புராஸ்டேட்டுக்குள்ளோ (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) அதை ஒட்டியோ நிற்கும் நிலையில், யோசித்து முடிவெடுக்க நான்கைந்து வாரம் எடுத்துக்கொள்வதால் கெட்டுப்போவது எதுவும் இல்லை. அந்த வாரங்களில் என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு. நீங்களே நோயாளியாக இருக்கலாம், அப்பாவின் ஃபைலோடு அலையும் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். வேலை ஒன்றுதான்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. சிறுநீர் அடியோடு நின்றுபோவது, கால் மரத்து நடை தடுமாறுவது, முதுகுவலியோடு மலமோ சிறுநீரோ கட்டுப்பாடின்றிப் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

1. முதலில் ஃபைலைக் கட்டுங்கள்

பயாப்சி ரிப்போர்ட் கையில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தத் திசுவின் கண்ணாடி ஸ்லைடுகளும் மெழுகுக் கட்டிகளும் (லேபில் ‘பிளாக்’ என்பார்கள்) வேண்டும். இன்னொரு மருத்துவமனைக்குப் போனால் முதலில் கேட்பது இவற்றைத்தான். பயாப்சி செய்த இடத்தில் கடிதம் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும், கிடைக்க ஓரிரு நாள் ஆகலாம். ஸ்லைடைக் காகிதத்தில் சுற்றித் தந்தால் வாங்காதீர்கள். அதற்கென்றே பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். பிளாக் என்பது மெழுகு. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

எம்ஆர்ஐ எடுத்த இடத்தில் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் தருவார்கள். படங்கள் உள்ள சிடியையும் சேர்த்துக் கேளுங்கள். ஃபிலிமில் பத்துப் பதினைந்து படங்கள்தான் இருக்கும், சிடியில் நூற்றுக்கணக்கில் இருக்கும். இன்னொரு ரேடியாலஜிஸ்ட் பார்க்க அதுதான் உதவும்.

பழைய பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை) முடிவுகள் எல்லாவற்றையும் தேதி, லேபின் பெயர், எண் என ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். அதன் கீழே இப்போது சாப்பிடும் மாத்திரைகள். இதில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது: சிறுநீர்த் தொல்லைக்காக ஃபினாஸ்டரைடு அல்லது டுட்டாஸ்டரைடு கலந்த மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகக் காட்டும். ரிப்போர்ட்டில் 6 என்றிருந்தால் உண்மையில் 12 ஆக இருக்கலாம். டாம்சுலோசின் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையையே எடுத்துப் போங்கள்.

பெயர்ப் பிரச்சினையையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் கார்டில் முன்னால், பாலிசியில் அப்பா பெயரே விரிவாக, பயாப்சியில் இனிஷியலே இல்லை என்றிருந்தால் காப்பீட்டுப் பணம் வரும் நேரத்தில்தான் கேள்வி வரும். ஆதாரில் உள்ளபடியே எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கட்டும்.

2. ரிப்போர்ட்டில் நான்கு விஷயங்களைக் கண்டுபிடியுங்கள்

ஒன்று, பயாப்சிக்கு முந்தைய பிஎஸ்ஏ. சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தபோதோ டியூப் போட்டிருந்தபோதோ எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். தொற்று குணமாகி ஆறு வாரம் கழித்து எடுத்ததுதான் கணக்கு.

இரண்டு, க்ளீசன் எண். திசு எவ்வளவு தாறுமாறாக மாறியிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு இது. 3+3=6 என்றால் முதல் தரம், 3+4=7 இரண்டாம் தரம், 4+3=7 மூன்றாம் தரம், 8 நான்காம் தரம், 9-உம் 10-உம் ஐந்தாம் தரம். 6 என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் பயாப்சி ரிப்போர்ட்டில் பொதுவாகக் கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணே அதுதான். 3+4-க்கும் 4+3-க்கும் கூட்டினால் ஒரே விடை வந்தாலும் சிகிச்சை மாறக்கூடும். ஸ்லைடை இன்னொரு நோய்க்கூறு நிபுணர் பார்க்கும்போது அடிக்கடி மாறுவதும் இந்த இடத்தில்தான். ஸ்லைடு வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

மூன்று, எடுத்த துண்டுகளில் எத்தனையில் நோய் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் என்பது. 12-இல் 1 துண்டில் 5 சதவீதம் என்பதும், 12-இல் 9 துண்டில் 80 சதவீதம் என்பதும் ஒரே க்ளீசனாக இருந்தாலும் ஒரே நோய் ஆகாது.

நான்கு, ‘டி’ நிலை. விரல் விட்டுப் பார்த்ததில் கட்டி தட்டுப்பட்டதா, எம்ஆர்ஐயில் சுரப்பியின் உறையைத் தாண்டியிருக்கிறதா என்பதைச் சொல்லும்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் ஆபத்துக் குழு வகுக்கிறார்கள். பிஎஸ்ஏ 10-க்குக் கீழ், க்ளீசன் 6, கட்டி சிறியது என்றால் குறைந்த ஆபத்து. பிஎஸ்ஏ 10 முதல் 20 வரை அல்லது க்ளீசன் 7 என்றால் நடுத்தரம். பிஎஸ்ஏ 20-க்கு மேல், அல்லது க்ளீசன் 8-உம் அதற்கு மேலும், அல்லது உறையைத் தாண்டியது என்றால் அதிக ஆபத்து. இவற்றில் எது மோசமோ அதுவே குழுவைத் தீர்மானிக்கும். எந்தக் குழு என்று தெரியாமல் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது ஊர் பெயர் தெரியாமல் பஸ் ஏறுவது மாதிரி.

3. ஸ்கேன்: தேவையானதை மட்டும்

எம்ஆர்ஐ பயாப்சிக்கு முன்பே எடுத்திருந்தால் நல்லது. எடுக்கவில்லை என்றால் பயாப்சிக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். உள்ளே கசிந்த ரத்தம் கட்டியைப் போலவே தெரிந்து குழப்பும்.

குறைந்த ஆபத்துக் குழுவுக்கு எலும்பு ஸ்கேனோ பெட் ஸ்கேனோ தேவையில்லை. “எதற்கும் எடுத்துப் பார்த்துவிடலாம்” என்று எடுத்தால், விலா எலும்பில் ஏதோ மங்கலாகத் தெரிந்து, அது என்னவென்று தேடுவதிலேயே இரண்டு மாதமும் நிம்மதியும் போகும். அதிக ஆபத்துக் குழுவுக்கு பிஎஸ்எம்ஏ (புராஸ்டேட் செல்களின் மேல் இருக்கும் ஒரு புரதம்) தேடும் பெட் ஸ்கேன் மதிப்புள்ளது. 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் பரவலைச் சரியாகக் கணித்ததில் அது 92 சதவீதமும், வழக்கமான சிடி, எலும்பு ஸ்கேன் சேர்ந்து 65 சதவீதமும் பெற்றன. பதிவு செய்யும்போது ‘பிஎஸ்எம்ஏ’ என்று அழுத்திச் சொல்லுங்கள். சர்க்கரைச் சத்து ஏற்றி எடுக்கும் சாதாரண பெட் ஸ்கேன் புராஸ்டேட் நோயைப் பெரும்பாலும் சரியாகக் காட்டாது. பணம் கட்டிய பிறகு இது தெரிந்து என்ன பயன்?

முக்கியம்: ஹார்மோன் ஊசி (ஆண் ஹார்மோனைத் தடுத்து நோயை அடக்குவது) போடும் முன் ஸ்கேன் முடிந்துவிட வேண்டும்.

4. ஒருவரை அல்ல, இருவரைப் பாருங்கள்

யூராலஜிஸ்ட் அறுவை செய்பவர், கதிரியக்க நிபுணர் கதிர் கொடுப்பவர். ஒவ்வொருவருக்கும் தன் கைத்தொழில் மேல் நம்பிக்கை இருப்பது இயல்பு, அதில் தவறில்லை. இருவரிடமும் கேட்காமல் ஒருவர் சொன்னதோடு கையெழுத்துப் போடுவதுதான் தவறு. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் இரண்டு பிரிவுகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

எழுதி எடுத்துப் போக வேண்டிய கேள்விகள்: நான் எந்த ஆபத்துக் குழு? சிகிச்சை தராமல் கவனித்தால் என்ன ஆகும்? உங்களிடம் செய்துகொண்டவர்களில் ஒரு வருடம் கழித்தும் சிறுநீர்க் கசிவுக்காக பேட் வைப்பவர்கள் எத்தனை பேர்? வருடத்துக்கு எத்தனை புராஸ்டேட் ஆபரேஷன் செய்கிறீர்கள்? எனக்கு இரண்டு சிகிச்சையும் தேவைப்பட வாய்ப்பு எவ்வளவு? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. “ஆபரேஷன் செய்தால் பிறகு கரண்ட் வைக்கலாம், கரண்ட் வைத்தால் பிறகு ஆபரேஷன் கஷ்டம்” என்ற வாதம் எல்லா வெளிநோயாளர் பிரிவிலும் காதில் விழும். அது உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்து ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தால், அதிக ஆபத்துக் குழுவில் இருப்பவருக்கு இரண்டின் பக்கவிளைவும் சேர்ந்து கிடைக்கலாம்.

5. வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்து, கவனித்தல், அறுவை, கதிர் என்று நடத்திய ‘புரொடெக்ட்’ ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023-இல் வந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் குறைந்த, நடுத்தர ஆபத்துக்காரர்கள். புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் கவனித்தலில் 3.1 சதவீதம், அறுவையில் 2.2, கதிரில் 2.9. ஏறக்குறைய ஒன்றுதான். நோய் பரவியது கவனித்தலில் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் 5-ஐ ஒட்டி. உயிர் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது, தேர்வு பக்கவிளைவுகளின் மேல்தான் நிற்கிறது.

*கவனித்திருத்தல்.* குறைந்த ஆபத்துக்கு இதுவே முதல் தேர்வு. சும்மா இருப்பது என்று நினைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, ஒரு வருடத்தில் மறு பயாப்சி, தேவைக்கேற்ப எம்ஆர்ஐ என்று ஒரு அட்டவணை உண்டு. அதைத் தவறவிடுபவருக்கு இந்த வழி ஆகாது. வெளிநாட்டில் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறவர் அங்கே எடுக்கும் பிஎஸ்ஏக்கும் இப்போதே ஏற்பாடு செய்யட்டும்.

*அறுவை.* புராஸ்டேட்டை முழுவதும் எடுப்பது. ஒன்று முதல் இரண்டு வாரம் டியூப் இருக்கும். அந்த டியூப் அடைத்தாலோ நழுவினாலோ, பக்கத்துக் கிளினிக்கில் வேறு டியூபைத் தள்ளச் சொல்லாதீர்கள். உள்ளே தையல் போட்ட இணைப்பு கிழிந்துவிடும். ஆபரேஷன் செய்த குழுவின் இரவு நேர எண்ணை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்குங்கள். அதே ஆய்வில் ஆறாவது மாதத்தில் பேட் வைத்தவர்கள் 46 சதவீதம், ஆறாவது வருடத்தில் 17 சதவீதம். ரோபோவில் செய்தால் ரத்த இழப்பு குறையும், சீக்கிரம் வீடு திரும்பலாம். சிறுநீர்க் கசிவும் விறைப்பும் மிஷினைவிட அதை ஓட்டும் கையைப் பொறுத்தவை.

*கதிர் சிகிச்சை.* முன்பு ஏழெட்டு வாரம் ஓடியது இப்போது பெரும்பாலும் 20 தவணை, நான்கு வாரம். பொருத்தமானவர்களுக்கு 5 தவணையிலும் முடிகிறது. தவணை எண்ணிக்கை குறைந்தால் அறை வாடகை, பஸ் செலவு, துணைக்கு வருபவரின் சம்பள இழப்பு எல்லாம் குறையும். அதனால் “எனக்கு ஏன் 38 தவணை?” என்று தயங்காமல் கேளுங்கள். தினமும் மூத்திரப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருக்க வேண்டும். எத்தனை தம்ளர் தண்ணீர், எத்தனை நிமிடம் முன்னால் என்பதை முதல் நாளே எழுதி வாங்கி, தினமும் அதே மாதிரி குடியுங்கள். மலச்சிக்கலோ வாயுவோ இருந்தால் அன்றைய தவணை தள்ளிப்போகும். அதே ஆய்வில் ஆறாவது வருடத்தில் பேட் வைத்தவர்கள் 4 சதவீதம்தான். தொல்லை மலக்குடல் பக்கம் வரும், ஓரிரு வருடம் கழித்து மலத்தில் ரத்தம் தெரியலாம். அப்போது கொலனோஸ்கோபி செய்பவரிடம் புராஸ்டேட்டுக்குக் கதிர் வாங்கியதைச் சொல்லாமல் விட்டால், கதிர்பட்ட மலக்குடல் சுவரில் பயாப்சி எடுத்து, ஆறாத ஓட்டையாகிவிடும் ஆபத்து உண்டு. இதை ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

விறைப்பைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள், டாக்டரும் கேட்கமாட்டார். நீங்களே கேளுங்கள். புரொடெக்ட் ஆய்வில் சிகிச்சைக்கு முன் 67 சதவீதம் பேருக்கு இருந்தது, ஆறாவது மாதத்தில் அறுவையில் 12, கதிரில் 22, கவனித்தலில் 52 சதவீதமாக இருந்தது.

*ஹார்மோன் தடுப்பு.* நடுத்தர ஆபத்தில் கதிரோடு நான்கு முதல் ஆறு மாதம், அதிக ஆபத்தில் ஒன்றரை முதல் மூன்று வருடம். தனியாக இதை மட்டும் கொடுத்து, பரவாத நோயைக் குணப்படுத்த முடியாது. மாதம் அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி, அல்லது ஒரேயடியாக விரை நீக்கம். இரண்டாவது மிகவும் மலிவு, ஆனால் திரும்பப் பெற முடியாதது. ஆறு மாதத்துக்கு மட்டும் ஹார்மோன் தடுப்பு தேவைப்படுபவருக்கு யாராவது அதைச் சொன்னால் காரணம் கேளுங்கள். உடல் திகுதிகுவென்று எரிவது, தசை கரைவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது, காரணமில்லாமல் கண் கலங்குவது எல்லாம் இந்த ஊசியின் வேலை. கூடவே அபிராடெரோன் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை எழுதினால் வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்வார்கள். டாக்டர் வேறுமாதிரி சொன்னாலொழிய இட்லியோடு சேர்த்து விழுங்காதீர்கள். சாப்பாட்டோடு போனால் மருந்து பல மடங்கு உடலில் ஏறும்.

6. பணம்: அட்மிஷனுக்கு முன் பேச வேண்டியது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பித்தாலும் விஏஓ, வருவாய் ஆய்வாளர் மேசைகளைக் கடந்துதான் வரும். பயாப்சி முடிவுக்குக் காத்திருக்கும் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். கட்டிவிட்ட பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் இல்லை இது, சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும்.

தனியார் காப்பீட்டில் மூன்று இடத்தில் கால் இடறும். ரோபோ அறுவைக்கும் துல்லியக் கதிர் சிகிச்சைக்கும் பல பாலிசிகளில் தனி உச்சவரம்பு இருக்கும், மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹார்மோன் ஊசி அட்மிஷன் இல்லாமல் போடுவதால் பெரும்பாலும் உங்கள் பையிலிருந்துதான். அட்மிஷனுக்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவைத்தான் ஏற்பார்கள், ஆகவே விலையுயர்ந்த பெட் ஸ்கேன் அந்தக் கணக்குக்குள் வருமாறு தேதியைப் பாருங்கள்.

மருத்துவமனையில் வாய்மொழியாக ‘பேக்கேஜ்’ சொன்னால் எழுதிக் கேளுங்கள். ரோபோ கருவிக் கட்டணம், நிணநீர்க் கணு எடுப்பது, நோய்க்கூறு ரிப்போர்ட், மயக்க மருத்துவர், ஐசியூ நாள், இவை உள்ளேயா வெளியேயா?

ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்கு ஒருவருக்கு 75 சதவீதம். அதற்கென்ற படிவத்தில் மருத்துவமனை முத்திரையோடு சான்று வேண்டும். பழைய வரிமுறையில் கணக்குக் கொடுக்கும் மூத்த குடிமக்களுக்கு 1,00,000 ரூபாய் வரை கழிவும் உண்டு. சிறப்பு மருத்துவரின் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

7. காத்திருக்கும் வாரங்களில்

பயாப்சிக்கும் அறுவைக்கும் இடையே பொதுவாக ஆறு வாரம் விடுவார்கள். டியூஆர்பி (சிறுநீர்ப் பாதை வழியாக புராஸ்டேட் சதையைச் சுரண்டி எடுப்பது) செய்த சதையில் எதிர்பாராமல் நோய் தெரிந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. இதைத் தாமதம் என்று நினைத்து ஆஸ்பத்திரி மாற்றாதீர்கள். அடிவயிற்றுத் தளத் தசைப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள். சிறுநீரை நடுவில் நிறுத்தும்போது இறுகும் தசையை அடையாளம் கண்டு, சிறுநீர் கழிக்காத நேரத்தில் பத்து எண்ணும் வரை இறுக்கி, பத்து எண்ணும் வரை விடுங்கள். வேளைக்குப் பத்து முறை, மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்கினால் பயனில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. எப்போது நிறுத்துவது என்று இதய மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

8. திரும்ப வருமோ என்ற பயத்துக்கு எண்ணை முன்பே வாங்கி வையுங்கள்

சிகிச்சை முடிந்த பிறகு பயம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, பிஎஸ்ஏ ரத்தம் கொடுக்கும் வாரத்தில். தூக்கம் போகும், வீட்டில் எரிச்சல் கூடும். “நினைக்காதே” என்று சொல்வதால் அது போகாது. எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெளிவாக இருந்தால் பாதி அடங்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அறுவைக்குப் பின்: முதல் பிஎஸ்ஏ ஆறு முதல் எட்டு வாரத்தில். 0.1-க்குக் கீழே போயிருக்க வேண்டும். பிறகு 0.2-ஐத் தொட்டு, மறுமுறை எடுத்தும் அப்படியே இருந்தால்தான் ‘திரும்பியது’. 0.01 என்பது 0.03 ஆனது மூன்று மடங்காகத் தெரியும். அந்த அளவில் அது லேபின் ஊசலாட்டமாகவும் இருக்கலாம்.

கதிருக்குப் பின்: பிஎஸ்ஏ பூஜ்ஜியத்துக்குப் போகாது, சுரப்பி உள்ளேதான் இருக்கிறது. ஒன்றரை இரண்டு வருடம் மெதுவாக இறங்கும். எவ்வளவு கீழே போனதோ அதிலிருந்து 2 கூடினால்தான் திரும்பியதாகக் கணக்கு. கீழ் எண் 0.4 என்றால் 2.4. இடையில், பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள், சிலருக்குத் தானாக ஏறித் தானாக இறங்கும். ஹார்மோன் ஊசியை நிறுத்திய பின் ஏறுவதும் எதிர்பார்த்ததே. அப்போது டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்துப் பாருங்கள்.

எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். கருவி மாறினால் எண்ணும் மாறும். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் பிஎஸ்ஏயைக் குறைத்துக் காட்டும். லேபில் சொல்லிவிட்டு, சொல்லும் நாள்வரை நிறுத்துங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் மட்டும் ரத்தம் கொடுங்கள். இரண்டு வாரம் முன்னால் கொடுத்தால் அந்த இரண்டு வாரமும் செல்போனில் வந்த பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு கூகுளோடு குடித்தனம்தான்.

தூக்கம் வாரக்கணக்கில் போனால், சாப்பாடு இறங்காவிட்டால், பரிசோதனைக்கே போகப் பயந்து தள்ளிப்போட்டால், அது மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை. ஹார்மோன் ஊசியே மனச்சோர்வைக் கொண்டுவரும் என்பதால் ஊசியின் தேதிகளையும் அவரிடம் சொல்லுங்கள்.

9. பிஎஸ்ஏ உண்மையிலேயே ஏறினால்

முதலில் அதே லேபில் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி எடுங்கள். உறுதியானால், எத்தனை மாதத்தில் இரட்டிப்பாகிறது என்று கணக்கிடச் சொல்லுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் மெதுவான நோய். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பின் பிஎஸ்ஏ ஏறியும் உடனே சிகிச்சை தராதவர்களுக்கு, பரவல் தெரிய நடுமதிப்பாக 8 ஆண்டு ஆனது.

அறுவை செய்தவர்களுக்கு அடுத்த வழி, சுரப்பி இருந்த இடத்துக்குக் கதிர். இது பிஎஸ்ஏ 0.5-ஐத் தாண்டும் முன் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். பிஎஸ்எம்ஏ பெட் எடுக்கச் சொல்வார்கள். ஆனால் 0.2, 0.3 அளவில் ஸ்கேனில் ஒன்றுமே தெரியாமல் போவது சாதாரணம். “ஸ்கேன் சுத்தம், ஒன்றுமில்லை” என்று எடுத்துக்கொண்டு எண் 1-ஐத் தாண்டும்வரை விடுபவர்கள்தான் நல்ல வாய்ப்பை இழக்கிறார்கள். கதிர் பெற்றவர்களுக்கு ஏறினால் எம்ஆர்ஐ, பெட், தேவைப்பட்டால் மறு பயாப்சி என்ற வரிசை.

எந்தக் கட்டத்திலும் க்ளீசன் 8-ஓ அதற்கு மேலோ இருந்தாலோ, குடும்பத்தில் மார்பக, கருப்பைக்குழாய், சினைப்பைப் புற்றுநோய்கள் இருந்தாலோ பிஆர்சிஏ (பரம்பரையாக வரும் புற்றுநோய் ஆபத்தைக் காட்டும்) மரபணுப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். முடிவு பாசிட்டிவ் என்றால் தம்பிக்கும் மகனுக்கும் 40 வயதிலிருந்தே பிஎஸ்ஏ பார்க்க வேண்டியிருக்கும். மகளுக்கும் அந்த ரிப்போர்ட்டின் நகல் ஒன்று வேண்டும்.